பழைய புரோகிராமுக்குப் பொய் சொல்லலாமா?



சென்னையில் முகவரி தேடி அலைந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். "பழைய எண் 14, புதிய எண் 31" என்று ஒரே வாசலில் இரண்டு எண்களை எழுதி வைத்திருப்பார்கள். புதிய எண் வந்து எத்தனையோ வருஷமான பிறகும் பழைய எண்ணை அழிக்க யாருக்கும் மனசு வருவதில்லை. வீட்டுப் பத்திரத்தில் பழைய எண். ஊரில் இருக்கும் பெரியப்பாவின் டைரியில் பழைய எண். அவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் போய்ச் சொல்லிக் கொண்டிருக்க முடியுமா?

இதில் ஒரு விபரீதமும் உண்டு. அதே தெருவில் 'பழைய எண் 31' என்று இன்னொரு வீடு இருக்கும். வெறும் 31 என்று எழுதிக் கடிதம் போட்டால் அது எந்த வீட்டுக்குப் போகும்? போய்ச் சேராத கடிதம்கூடப் பரவாயில்லை, திரும்பி வந்துவிடும். தப்பான வீட்டில் போய்ச் சேர்ந்து, அங்கே பிரித்தும் படித்துவிட்ட கடிதத்தை என்ன செய்வது?

இந்தக் கூத்து கம்ப்யூட்டருக்குள்ளும் நடந்தது. அங்கே வீடு என்பது ஹார்ட் டிஸ்க், டெர்மினல் போன்ற சாதனங்கள். கதவு எண் என்பது சாதன எண். லினக்ஸில் இந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் போதாமல் போய், அதைப் பெரிசு பண்ண வேண்டிய கட்டாயம் வந்தது. எப்படிப் பண்ணினார்கள், பழைய புரோகிராம்களை என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லி, கூடவே என் கருத்தையும் வைக்கவே இந்தக் கட்டுரை. கருத்து இதுதான்: பழைய புரோகிராமுக்கு உண்மையைச் சொல்லலாம், 'முடியாது' என்றும் சொல்லலாம், பொய் மட்டும் சொல்லக் கூடாது.

எண்ணில்தான் எல்லாம்

யூனிக்ஸ் குடும்பத்து சிஸ்டங்களில் எல்லாமே ஃபைல்தான் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்து விடுகிறார்கள். ஹார்ட் டிஸ்க் ஒரு ஃபைல், சீரியல் போர்ட் ஒரு ஃபைல், டெர்மினல் ஒரு ஃபைல். ஆனால் சாதனம் என்று வரும்போது கெர்னல் பெயரைப் பார்த்து ஏமாறுவதில்லை. அது பார்ப்பது இரண்டு எண்களை. முதலாவது மேஜர் நம்பர். எந்த டிரைவர் இந்த வேலையைப் பார்க்க வேண்டும் என்று சொல்வது. இரண்டாவது மைனர் நம்பர். அந்த டிரைவரின் பொறுப்பில் உள்ள சாதனங்களில் இது எத்தனையாவது என்று சொல்வது. ஒன்று தெரு, மற்றது வீடு என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் கிடைத்தால் 'டெவ்' டைரக்டரிக்குப் போய் 'எல்எஸ் மைனஸ் எல்' அடித்துப் பாருங்கள். மற்ற ஃபைல்களுக்கு சைஸ் வரும் இடத்தில், இங்கே காற்புள்ளி போட்டு இரண்டு எண்கள் நிற்கும். 1, 3 என்றால் எதைப் போட்டாலும் விழுங்கிவிடும் 'நல்'. 4, 64 என்றால் முதல் சீரியல் போர்ட். 8, 0 என்றால் முதல் ஸ்கஸி டிஸ்க். 8, 1 என்றால் அந்த டிஸ்கின் முதல் பார்ட்டிஷன்.

இந்த இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகக் கட்டி வைப்பது ஆதியிலிருந்து வந்த வழக்கம். 1970-களில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை வளர்த்த பிடிபி-11 கம்ப்யூட்டர் 16 பிட் இயந்திரம். அதனால் சாதன எண்ணும் 16 பிட். பாதிக்குப் பாதியாகப் பிரித்தார்கள்: மேஜருக்கு 8 பிட், மைனருக்கு 8 பிட். 256 தெரு, தெருவுக்கு 256 வீடு. அன்றைக்கு அது ஒரு மாநகரம்!

256 எப்படிப் போதாமல் போச்சு?

1991-ல் பிறந்த லினக்ஸும் அதே 8-க்கு 8 கணக்கையே எடுத்துக் கொண்டது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது தாராளம். பெரிய சர்வர்களுக்குள் லினக்ஸ் நுழைந்தபோதுதான் நெருக்கடி ஆரம்பித்தது.

ஸ்கஸி டிஸ்கையே எடுத்துக் கொள்வோம். ஒரு டிஸ்குக்கு 16 மைனர் நம்பர் வேண்டும். முழு டிஸ்குக்கு ஒன்று, பார்ட்டிஷன்களுக்குப் பதினைந்து. 256-ஐ 16-ஆல் வகுத்தால் 16. ஆக, 8 என்ற மேஜர் நம்பரை வைத்துக் கொண்டு 16 டிஸ்க்தான் மாட்டலாம். போதவில்லை என்று 65 முதல் 71 வரை இன்னும் ஏழு மேஜர் நம்பர்களை வாங்கிப் போட்டார்கள். மொத்தம் 128 டிஸ்க். ஒரு வங்கியோ டெலிபோன் கம்பெனியோ நூற்றுக்கணக்கில் டிஸ்க் அடுக்கி வைத்தால் அதுவும் போதாது.

டெர்மினல் கதையும் இதேதான். நெட்வொர்க் வழியாக உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு போலி டெர்மினல் தர வேண்டும். அதற்காக 136 முதல் 143 வரை எட்டு மேஜர் நம்பர்களை ஒதுக்கினார்கள். எட்டு இருநூற்றைம்பத்தாறு 2,048. அதற்கு மேல் ஓர் ஆள் வந்தால் இடமில்லை. இப்படி ஒவ்வொரு டிரைவரும் எட்டு எட்டாக அள்ளிக் கொண்டு போனால், மொத்தமே 256 உள்ள மேஜர் நம்பர் எத்தனை நாளைக்கு வரும்?

ஆண்ட்ரீஸ் ப்ரவர் போன்றவர்கள் சாதன எண்ணைப் பெரிதாக்கச் சொல்லி வருஷக்கணக்கில் பேட்ச் எழுதினார்கள். கடைசியில் 2003 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6 கெர்னலில் அது நிறைவேறியது. 16 பிட் 32 பிட் ஆயிற்று. மேஜருக்கு 12 பிட், அதாவது 4,096. மைனருக்கு 20 பிட், அதாவது 10,48,576.

பெரிசு பண்ணுவதில் என்ன கஷ்டம்?

"இதுக்கா வருஷக்கணக்கு? 16-ஐ அழிச்சுட்டு 32-ன்னு எழுத வேண்டியதுதானே!" என்று சிலர் கேட்கக்கூடும். நாமே சி-யில் எழுதும் மார்க் லிஸ்ட் புரோகிராமை நினைத்துப் பாருங்கள். ரோல் நம்பருக்கு 2 பைட், அதையடுத்து மார்க்குக்கு 2 பைட் என்று ஒரு ஸ்ட்ரக்சர். அதை அப்படியே ஃபைலில் எழுதி வைக்கிறோம். அடுத்த வருஷம் ரோல் நம்பரை 4 பைட் ஆக்குகிறோம். புதிய புரோகிராம் ஜோராக ஓடும். ஆனால் அதை வைத்துப் போன வருஷ ஃபைலைத் திறந்தால்? பழைய ரோல் நம்பரும் பழைய மார்க்கும் ஒட்டிக் கொண்டு புதிய ரோல் நம்பராகத் தெரியும். மார்க் இருக்க வேண்டிய இடத்தில் அடுத்த மாணவனின் ரோல் நம்பர் உட்கார்ந்திருக்கும். நன்றாகப் படித்தவன் ஃபெயில், படிக்காதவன் டிஸ்டிங்ஷன்! இதில் கொடுமை என்னவென்றால், எர்ரர் மெசேஜ் ஒன்றுகூட வராது.

கெர்னலுக்கும் புரோகிராமுக்கும் நடுவில் இதுதான் நிலைமை. ஒரு ஃபைலைப் பற்றித் தெரிந்து கொள்ள புரோகிராம் 'ஸ்டாட்' என்று கேட்கிறது. கெர்னல் ஒரு ஸ்ட்ரக்சரை நிரப்பிக் கொடுக்கிறது. சாதன எண் இத்தனையாவது பைட்டில், சைஸ் இத்தனையாவது பைட்டில் என்பதெல்லாம் கம்பைல் பண்ணும் நேரத்திலேயே புரோகிராமுக்குள் பதிந்துவிடும். நடுவில் தரகர் மாதிரி நிற்பது சி லைப்ரரி. ஆகக் கெர்னல், லைப்ரரி, புரோகிராம் என்று மூன்று பேர். மூன்று பேரும் ஒரே நாளில் மாற மாட்டார்கள். கெர்னலை இன்றைக்கு மாற்றலாம், லைப்ரரியை அடுத்த மாதம் மாற்றலாம். புரோகிராமை எழுதியவர் வேலையை விட்டே போயிருப்பார். சோர்ஸ் கோடு எந்த ஃப்ளாப்பியில் இருந்ததோ!

2049 ஏன் 2049-ஆகவே இருக்கிறது?

இங்கேதான் கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்க வேண்டும். பழைய கணக்கு: மேஜரை 256-ஆல் பெருக்கி மைனரைக் கூட்டு. 8, 1 என்ற பார்ட்டிஷனுக்கு எட்டு இருநூற்றைம்பத்தாறு 2,048, கூட 1, ஆக 2049. புதிய கணக்கில் 12 பிட்டும் 20 பிட்டும் நேராக அடுக்கினால் மேஜரை 10,48,576-ஆல் பெருக்க வேண்டும். அதே பார்ட்டிஷன் 83,88,609 ஆகிவிடும். பழைய புரோகிராம் அதில் தனக்குத் தெரிந்த கடைசி 16 பிட்டை மட்டும் எடுத்துப் பிரித்தால் என்ன கிடைக்கும்? மேஜர் 0, மைனர் 1. அப்படி ஒரு டிஸ்கே கிடையாது. போச்சு!

அதனால் மைனர் நம்பரை இரண்டாக வெட்டினார்கள். அதன் கீழ்ப்பாதி 8 பிட்டை முன்பு இருந்த இடத்திலேயே வைத்தார்கள். அதற்கு மேலே மேஜரின் 12 பிட். மைனரில் மிச்சமிருந்த 12 பிட்டைக் கொண்டு போய் எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றினார்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், ஒத்துக் கொள்கிறேன். ஆனால் 255-க்குள் அடங்கும் எந்தப் பழைய மேஜருக்கும் மைனருக்கும் விடை ஒரு துளிகூட மாறாது. 8, 1 அன்றும் 2049, இன்றும் 2049. கெர்னல் தன் வீட்டுக்குள் 12-க்கு 20 என்று நேராகத்தான் வைத்துக் கொள்கிறது. வெளியே கொடுக்கும்போது மட்டும் இந்த வேஷம்.

இவ்வளவு மெனக்கெட்டதற்கு ஒரு காரணம் உண்டு. சாதன எண்ணிலிருந்து மேஜரைப் பிரித்தெடுக்கும் சூத்திரத்தை ஆரம்பத்தில் மேக்ரோவாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். மேக்ரோ என்றால் அந்த வரி ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளும் போய் ஒட்டிக் கொள்ளும். லைப்ரரியை மாற்றினாலும் ஒட்டிக் கொண்டதை மாற்ற முடியாது. வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரிதான். கெர்னல் மாறிய அந்தக் காலத்தில் ஜிலிப்சி என்ற குனு சி லைப்ரரியும் பாடம் கற்றுக் கொண்டு, அந்த மேக்ரோவைத் தனக்குள் இருக்கும் ஃபங்ஷனாக மாற்றியது. ஃபங்ஷன் என்றால் சூத்திரம் லைப்ரரியிடமே இருக்கும். நாளைக்குத் திருத்தினால் எல்லாருக்கும் திருந்திவிடும்.

இடம் விட்டு வைத்தவர்கள்

கல்யாணப் பந்தியில் வரப் போகும் சம்பந்திக்காக நாலு இலையைக் காலியாகப் போட்டு வைப்பார்களே, அப்படிச் சிலர் முன்கூட்டியே செய்து வைத்த காரியம் இங்கே கைகொடுத்தது.

1997-ல் வந்த ஜிலிப்சி 2, சாதன எண்ணுக்கு 64 பிட் ஒதுக்கியிருந்தது. அப்போது கெர்னல் கொடுத்ததோ வெறும் 16 பிட். அன்றைக்குப் பார்த்தவர்கள் இது என்ன வீண் ஆடம்பரம் என்று நினைத்திருக்கலாம். கெர்னல் பக்கத்திலும் பெரிய ஃபைல்களுக்காக 'ஸ்டாட் 64' என்று ஒரு சிஸ்டம் காலைச் சேர்த்தபோது இதே முன்யோசனை இருந்தது. இன்டெல் 32 பிட் கம்ப்யூட்டருக்கான அந்த ஸ்ட்ரக்சரில் 2.4 கெர்னல் சாதன எண்ணுக்கு 2 பைட் எழுதி, பின்னால் 10 பைட்டைக் காலியாக விட்டது. மொத்தம் 12. காலி என்றால் குப்பை இல்லை. சுத்தமாகப் பூஜ்யம் நிரப்பி விட்டது. 2.6 வந்தபோது அதே 12 பைட்டில் 8 பைட்டை எண்ணுக்கு எடுத்துக் கொண்டு 4 பைட்டைக் காலியாக வைத்தார்கள். பின்னால் உள்ள எந்தப் பகுதியும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. இன்டெல்லில் சிறிய பைட்தான் முதலில் வரும் என்பதால், முதல் 2 பைட்டை மட்டும் படிப்பவனுக்கும் பழைய எண் அதே இடத்தில் கிடைத்தது.

இதோடு இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஜிலிப்சியோடு சேர்த்துக் கம்பைல் பண்ணிய புரோகிராம், ஸ்டாட் கேட்கும்போது "எனக்கு இந்த நம்பர் வடிவம் வேண்டும்" என்று ஒரு சிறிய எண்ணையும் சேர்த்து அனுப்பும். எவ்வளவு பழையவன் வந்திருக்கிறான் என்று லைப்ரரி அதை வைத்தே தெரிந்து கொள்ளும். 2021-ல் வந்த ஜிலிப்சி 2.33 முதல் புதிய புரோகிராம்களுக்கு இந்தச் சுற்று வழி தேவைப்படவில்லை. ஆனால் பழையவர்களுக்காக அந்தக் கதவை இன்றுவரை அடைக்கவில்லை.

'முடியாது' என்று சொல்லும் தைரியம்

இதுவரை சொன்னது பழைய எண்களைப் பற்றி. பழைய அளவுக்குள் அடங்காத புதிய எண் வந்தால் பழைய புரோகிராமிடம் என்ன சொல்வது? என் கட்டுரையின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கிறது.

2.6-க்குப் பிறகு ஸ்கஸி டிஸ்குகளுக்கு 128 முதல் 135 வரை இன்னும் எட்டு மேஜர் நம்பர்கள் கிடைத்தன. மொத்தம் பதினாறு. பதினாறு பதினாறு 256 டிஸ்க். 257-வது டிஸ்க் மாட்டினால்? மறுபடி முதல் மேஜருக்கே வந்து, நீண்டுவிட்ட மைனரில் இடம் பிடிக்கிறார்கள். அதன் எண் 8, 256. புதிய கணக்கில் கட்டினால் 10,50,624 வரும். இதன் கடைசி 16 பிட்டை மட்டும் வெட்டி எடுத்துப் பாருங்கள்: 2048. அதாவது 8, 0. அது யார்? முதல் டிஸ்க்! சிஸ்டமே குடியிருக்கும் டிஸ்காகக்கூட அது இருக்கலாம்.

இந்த இடத்தில் கெர்னல் வாயை மூடிக் கொண்டு மேல் பிட்டுகளை வெட்டிக் கொடுத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நகல் எடுக்கும் புரோகிராம்கள் இரண்டு பெயர்கள் ஒரே ஃபைலைக் குறிக்கின்றனவா என்று கண்டுபிடிக்க, சாதன எண்ணையும் ஐநோடு எண்ணையும் ஜோடியாகப் பார்க்கின்றன. ஜோடி ஒத்துப் போனால் ஒரே ஃபைல் என்று முடிவு கட்டி, ஒன்றை மட்டும் எழுதிவிட்டு மற்றதற்கு 'முன்னால் பார்த்த ஃபைல்தான்' என்று ஒரு குறிப்பு போட்டுவிடும். இரண்டு டிஸ்குக்கு ஒரே எண் தெரிந்தால் சம்பந்தமே இல்லாத இரண்டு ஃபைல்களின் ஜோடி ஒத்துப் போகலாம். இரண்டாவது ஃபைல் பேக்கப்பிலேயே ஏறாது. வேலை முடிந்தது என்று திரை சொல்லும். ஆறு மாதம் கழித்து டிஸ்க் பழுதாகிப் பேக்கப்பைத் திறக்கும் அன்றைக்குத்தான் தலையில் இடி விழும்.

லினக்ஸ் 2.6 அப்படிச் செய்யவில்லை. பழைய வகை ஸ்டாட் கேட்டு வந்தவனுக்கு, எண் பழைய அளவுக்குள் அடங்குகிறதா என்று முதலில் பார்த்தது. அடங்கினால் பதில். அடங்காவிட்டால் 'ஓவர்ஃப்ளோ' என்ற எர்ரர். "நீ கொண்டு வந்த பாத்திரத்தில் இது கொள்ளாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது. புரோகிராம் நின்றுவிடும். பயன்படுத்துகிறவர் எரிச்சல்படுவார், நாலு வார்த்தை திட்டவும் செய்வார். திட்டட்டும்! அவருடைய டேட்டா பிழைத்தது. தப்பான வீட்டில் கடிதத்தைப் போடாமல் திருப்பி அனுப்பிய தபால்காரர் மாதிரி.

இன்னொரு வீட்டுக்காரர் செய்தது

ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வாரிசுக்கும் இதே தலைவலி வந்தது. அங்கே சாதன எண்ணும் ஐநோடு எண்ணும் 32 பிட்டாக இருந்தன. இரண்டையும் 64 ஆக்க வேண்டும். காலி இலை போட்டு வைத்திருந்த வசதி அங்கே இல்லை. ஆகவே 2017-ல் வேறு வழி எடுத்தார்கள். புதிய ஸ்ட்ரக்சருக்குப் புதிய சிஸ்டம் கால். பழையதற்குப் பழைய நம்பரே இருக்கட்டும். லைப்ரரிக்குள் 'ஸ்டாட்' என்ற ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வெர்ஷன் முத்திரை. பழைய புரோகிராமில் பழைய முத்திரை பதிந்திருப்பதால் அது பழைய ஃபங்ஷனையே போய்ச் சேரும். 2018 டிசம்பரில் வந்த ஃப்ரீபிஎஸ்டி 12-ல் இது எல்லாருக்கும் கிடைத்தது.

சுத்தமான வழிதான். ஆனால் இதிலும் ஓட்டை உண்டு. நாம் எழுதிய ஒரு லைப்ரரி இந்த ஸ்ட்ரக்சரை அப்படியே கையில் வாங்கி இன்னொன்றிடம் கொடுத்தால், ஒன்று பழைய அளவிலும் மற்றது புதிய அளவிலும் கம்பைல் ஆகியிருந்தால், எந்த முத்திரையும் காப்பாற்றாது. சிஸ்டம் லைப்ரரி தன் எல்லைக்குள் நியாயமாக நடக்கலாம்; நமக்குள் நாம் கொடுக்கல் வாங்கல் செய்வதற்கு நாம்தான் பொறுப்பு.

லினக்ஸிலும் 2017-ல் 'ஸ்டாட் எக்ஸ்' என்று ஒரு புதிய சிஸ்டம் கால் வந்தது. அதில் மேஜருக்குத் தனியாக 32 பிட், மைனருக்குத் தனியாக 32 பிட். கட்டுவதும் கிடையாது, பிரிப்பதும் கிடையாது. இரண்டு எண்ணை ஒரே பொட்டலமாகக் கட்டியதுதான் ஆதிக் குற்றம் என்பதை ஒத்துக் கொண்ட மாதிரி! வருங்காலத்துக்கு என்று அதிலும் காலி இடம் விட்டிருக்கிறார்கள்.

"பழசைத் தூக்கிப் போடு" என்பவர்களுக்கு...

நம்மிலேயே பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்: "பழசையெல்லாம் கட்டிக்கிட்டு அழ முடியாது. எல்லாத்தையும் திரும்பக் கம்பைல் பண்ணு. முடியாதவன் போகட்டும்." கேட்க வீரமாகத்தான் இருக்கிறது. அவர்கள் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 32 பிட் இன்டெல் லினக்ஸில் ஸ்டாட் என்ற ஒரே வேலைக்கு 18, 106, 195 என்று மூன்று தலைமுறை சிஸ்டம் கால்கள் வரிசையாகக் குடியிருக்கின்றன. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் பராமரிக்க வேண்டும். மைனரை வெட்டி ஒட்டிய அந்தக் கோணல் கணக்கைப் புதிதாக வரும் ஒவ்வொருவரும் படித்துத் தலையைச் சொறிய வேண்டும். பழமைக்கு விலை உண்டு. அதை யாரும் மறைக்க வேண்டாம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். தூக்கிப் போடச் சொல்கிறவன் யார்? தூக்கிப் போட்டால் நஷ்டப்படுகிறவன் யார்? முடிவு எடுப்பவர் புதிய கம்ப்யூட்டரின் முன்னால், சோர்ஸ் கோடு முழுவதையும் கையில் வைத்துக் கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நஷ்டப்படுகிறவரோ ஒரு சிறிய பட்டறையில், பத்து வருஷத்துக்கு முன்னால் வாங்கிய மெஷினை ஓட்டும் ஒரே ஒரு புரோகிராமை நம்பிப் பிழைக்கிறார். டிப்ளமோ முடித்த பிறகு நம்மில் பலர் போய் நிற்கப் போவது அந்தப் பட்டறையில்தான். "என்னப்பா, சிஸ்டத்தை மாத்தினதுலேர்ந்து இது ஓட மாட்டேங்குதே" என்று முதலாளி கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர்களும் நாம்தான்.

பழையதை என்றென்றைக்கும் சுமக்கச் சொல்லவில்லை. நிறுத்துவதென்றால் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். சத்தமாகச் சொல்லுங்கள், எர்ரர் கொடுங்கள். ஓடுகிற மாதிரி ஓடவிட்டு உள்ளே தப்பான எண்ணைக் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். நின்றுபோன புரோகிராமை யாரும் நம்பப் போவதில்லை. தப்பாக ஓடும் புரோகிராமை எல்லாரும் நம்புவார்கள். அதுதான் ஆபத்து.

நமக்கு என்ன?

"கெர்னல் எழுதுகிறவர்கள் பாடு, நமக்கென்ன?" என்று இருந்துவிட முடியாது. இதே மாதிரி இன்னொரு எண் நிரம்பி வருகிறது. யூனிக்ஸ் குடும்பத்தில் நேரத்தை 1970 ஜனவரி 1-லிருந்து விநாடிக் கணக்கில் எண்ணுகிறார்கள். அதைக் குறி பிட்டோடு சேர்த்து 32 பிட்டில் வைத்திருக்கும் சிஸ்டங்களில் 2,14,74,83,647 வரைதான் எண்ண முடியும். நம் ஊர்க் கடிகாரத்தில் 2038 ஜனவரி 19, காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு அது நிரம்பும். அடுத்த விநாடி, அந்த சிஸ்டங்களுக்கு வருஷம் 1901!

இதற்கான வேலை நடந்து கொண்டுதான் வருகிறது. 32 பிட் கம்ப்யூட்டர்களுக்கும் 64 பிட் நேரம் தரும் வசதி 2020-ல் லினக்ஸ் 5.6 கெர்னலிலும், 2021-ல் ஜிலிப்சி 2.34-லும் வந்துவிட்டது. 2025-ல் வெளிவந்த டெபியன் 13, 32 பிட் ஏஆர்எம் சிஸ்டங்களை 64 பிட் நேரத்துக்கு மாற்றியது. ஆனால் பழைய 32 பிட் இன்டெல்லை மட்டும் மாற்றாமல் விட்டது. ஏன் தெரியுமா? அதை வைத்திருப்பதே பழைய புரோகிராம்களை ஓட்டத்தான். மாற்றினால் அந்தப் புரோகிராம்கள் ஓடாது என்ற காரணத்துக்காக. இது சரியா தப்பா என்று நீங்களே விவாதித்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், யாருக்காக வைத்திருக்கிறோம் என்று யோசித்து எடுத்த முடிவு என்பதால் சரி என்பேன். மின்சார மீட்டரிலும், லிஃப்ட்டிலும், ஆஸ்பத்திரி உபகரணங்களிலும் உட்கார்ந்திருக்கும் சின்னச் சின்னப் போர்டுகளை எவன் பார்ப்பான்? 2038-ல் நாற்பது வயதுகூட ஆகாத நாம்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு இப்போதே பழகிக் கொள்வோம். அடுத்த செமஸ்டர் புராஜெக்டில் ஒரு ஸ்ட்ரக்சரை ஃபைலில் எழுதும்போது, முதல் இடத்தில் வெர்ஷன் நம்பர் ஒன்றை எழுதுங்கள். கடைசியில் கொஞ்சம் காலி இடம் விட்டு, மறக்காமல் பூஜ்யம் நிரப்புங்கள். மற்றவர்கள் பயன்படுத்தும் சூத்திரத்தை மேக்ரோவாக அள்ளிக் கொடுக்காமல் ஃபங்ஷனுக்குள் வையுங்கள். எண் பெரிதானால் பழைய எண்கள் பழைய இடத்திலேயே இருக்கும்படி பாருங்கள். கொள்ளாத எண் வந்தால் வெட்டாதீர்கள், எர்ரர் கொடுங்கள். இதற்கெல்லாம் புதிய கம்ப்யூட்டர் வேண்டாம், பணம் வேண்டாம். கூடுதலாக நாலு வரி போதும்.

நாம் எழுதும் புரோகிராமும் ஒரு நாள் பழசாகும். எந்த ஊரிலோ, எந்தக் கம்ப்யூட்டரிலோ, நம் பெயர்கூடத் தெரியாத ஒருவர் அதை ஓட்டிக் கொண்டிருப்பார். அன்றைக்கு வரப் போகும் புதிய கெர்னலும் புதிய லைப்ரரியும் அதனிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறோம் அல்லவா? அதையே இன்று பழைய புரோகிராம்களுக்கு நாம் செய்வோம்.